ஆறுதலும் தேறுதலும்: ஏமி கார்மைக்கேலின் எழுத்தில் அருட்பணியாளரின் தனிமை

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் அரை நூற்றாண்டு பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் (1867-1951), தம் வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகளை நோயுற்று ஓர் அறைக்குள் கழித்தவர். அக்காலத்தில் அவர் எழுதிய ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ (1933) என்னும் மடல் தொகுப்பையும் அப்பெயர் கொண்ட பாடலையும் மையமாக வைத்து, தனிமையில் கிறிஸ்துவிடம் பெற்ற ஆறுதல் என அவர் எதைக் கருதினார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவர் காட்டும் ஆறுதல் துயரம் தணிதல் அன்று, தணியாத துயரத்தினுள் ஒருவர் உறுதி பெற்றுப் பிறரை நோக்கித் திரும்புதல் என்பது இதன் கருத்து. தமிழில் ‘ஆறுதல்’, ‘தேறுதல்’ என்னும் சொற்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு இதை விளக்கப் பயன்படுத்தப்படுகிறது. அவ்வெழுத்தின் எல்லையும் இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஏமி கார்மைக்கேல், டோனாவூர், அருட்பணி இலக்கியம், தனிமை, தேற்றரவு, விவிலிய மொழிபெயர்ப்பு.

முன்னுரை

தமிழகத்தில் பணியாற்றிய மேலைநாட்டு அருட்பணியாளர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவர்களின் மொழிப்பணி, கல்விப்பணி, அச்சுப்பணி, சமூகச் சீர்திருத்தம் ஆகியவற்றையே பேசுகின்றன. அகராதியும் இலக்கணமும் பள்ளியும் மருத்துவமனையும் புறத்தே காணத்தக்கவை. ஆகவே ஆய்வுக்கு எளிதில் வயப்படுகின்றன. பிறந்த மண்ணையும் சுற்றத்தையும் பிரிந்து வந்தவரின் அகவாழ்வு அவ்வாறு வயப்படுவதில்லை. அது பக்தி நூல்களுக்குரிய பொருள் என ஒதுக்கப்பட்டுவிட்டது. பக்தி நூல்களோ அத்தனிமையை விரைவில் கடந்து, ‘கிறிஸ்து ஆறுதல் தந்தார்’ என்னும் ஒற்றைத் தொடரில் முடித்துவிடுகின்றன. அவ்வாறுதல் எத்தகையது, எவ்வகை எழுத்தில் வெளிப்பட்டது என்னும் வினாக்கள் இரு தரப்பிலும் எழுப்பப்படாமல் நிற்கின்றன.

இவ்வினாக்களை எழுப்ப ஏமி கார்மைக்கேல் பொருத்தமானவர். வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் ஊரில் பிறந்த அவர், 1893இல் ஜப்பானுக்குச் சென்றார். உடல்நலம் குன்றியதால் அங்கு நெடுநாள் தங்க இயலவில்லை. 1895இல் இந்தியா வந்தார். அதன்பின் 1951இல் இறக்கும்வரை ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. திருமணம் செய்துகொள்ளவும் இல்லை. 1901 முதல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும் நிலையிலிருந்த சிறுமியருக்கும் பின்னர் ஆதரவற்ற சிறுவருக்கும் டோனாவூரில் இல்லம் அமைத்தார். 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில், மருந்தகத்திற்கென அமர்த்திய வீட்டைப் பார்க்கச் சென்றவர், இருளில் அங்கு வெட்டப்பட்டிருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் அவருடைய உலகம் பெரும்பாலும் ஓர் அறையாகச் சுருங்கியது. 1948இல் அவ்வறையிலேயே மீண்டும் விழுந்தார். பிறகு படுக்கையை விட்டு எழவில்லை. இவ்விருபது ஆண்டுகளில் எழுதப்பட்டவையே இக்கட்டுரையின் களம்.

அருட்பணி அறிக்கையில் தனிமைக்கு இடமின்மை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த அருட்பணி எழுத்தின் முதன்மை வடிவம் அறிக்கை. தாயகத்திலுள்ள சங்கங்களுக்கும் நன்கொடையாளருக்கும் அனுப்பப்படும் அறிக்கை, பணியின் வளர்ச்சியைக் காட்ட வேண்டும். மனம் மாறியோரையும் கட்டப்பட்ட பள்ளிகளையும் எண்ணிக்கையால் சொல்ல வேண்டும். இவ்வடிவத்தில் எழுதுபவரின் சோர்வும் தனிமையும் தோல்வியும் பொருத்தமற்ற செய்திகளாகின்றன.

கார்மைக்கேல் இம்மரபோடு தொடக்கத்திலேயே முரண்பட்டார். அவருடைய ‘திங்ஸ் ஆஸ் தே ஆர்’ (1903) என்னும் நூலின் கையெழுத்துப்படி, வாசகருக்கு மனச்சோர்வு தரும் என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. வெற்றிக் கதைகளை எதிர்பார்த்த சூழலில், பயனின்றி முடிந்த முயற்சிகளையும் மூடிய கதவுகளையும் அவர் எழுதியிருந்தார். உள்ளதை உள்ளபடி சொல்லும் இப்பிடிவாதமே பிற்காலத்தில் தம் நோயையும் தனிமையையும் எழுதியபோது அவருக்குத் துணைநின்றது. ஆயினும் 1903இல் அவர் எழுதியது பணியின் இடர்களை. 1933இல் எழுதியது பணி செய்ய இயலாமையை. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு பெரிது. இடரைச் சொல்லும் அருட்பணியாளர் இன்னும் களத்தில் நிற்கிறார். படுக்கையில் இருப்பவருக்குக் களமே இல்லை. அருட்பணியாளர் என்னும் அடையாளத்தைப் பணியே வழங்கியிருந்தால், பணி நின்றபின் எஞ்சுவது என்ன என்பதே அவர்முன் நின்ற வினா.

ஒரு வசனமும் இரு பொருளும்

தனிமையைப் பற்றிய கார்மைக்கேலின் சிந்தனைக்கு வேர் ஜப்பானில் உள்ளது. அங்கு அரிமா என்னும் இடத்தில், ஒரு குகையில் தனித்திருந்து, மணமின்றிக் கழியப்போகும் எதிர்காலத்தை எண்ணி அவர் அஞ்சினார். அந்த அச்சத்திற்கு மறுமொழியாகத் திருப்பாடல் 34இன் 22ஆம் வசனம் தமக்குக் கிடைத்ததாகப் பல ஆண்டுகள் கழித்து, அதே வினாவை எதிர்கொண்ட ஒருவருக்கு அவர் வெளிப்படுத்தினார். நெடுங்காலம் பேசாமல் வைத்திருந்த அனுபவத்தை, மற்றொருவரின் தேவை எழுந்தபோதே அவர் பகிர்ந்தார் என்பது கருதத்தக்கது.

அவ்வசனத்தின் மொழிபெயர்ப்பு வரலாறு இங்கு ஆய்வுக்குரியது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கடவுளை நம்புவோர் பாழாய்க் கைவிடப்படுவதில்லை என்னும் பொருள்படும் சொல்லை ஆள்கிறது. கார்மைக்கேல் பற்றிக்கொண்டது இச்சொல்லையே. ஆனால் 1885இல் வெளிவந்த திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் தண்டனைத் தீர்ப்புக்கு உள்ளாவதில்லை என்று மாற்றியது. தமிழ்ச் சபைகளில் வழங்கும் மொழிபெயர்ப்பும் ‘குற்றம்’ என்னும் சொல்லையே ஆள்கிறது. எபிரேய மூலச்சொல் குற்றத்திற்கு உள்ளாதலையும் அதன் விளைவான அழிவையும் ஒருங்கே குறிக்க வல்லது. ஆகவே ஆங்கிலத்தில் தனிமைக்கு மருந்தாக நின்ற வசனம், டோனாவூரின் தமிழ்ப் பெண்கள் கையிலிருந்த விவிலியத்தில் குற்றநீக்கத்தைப் பற்றியதாக இருந்தது.

இதைக் கொண்டு கார்மைக்கேலின் ஆறுதல் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையின்மீது கட்டப்பட்டது என்று சொல்வது எளிது. ஆனால் அது மேலோட்டமான முடிவாகும். பிரிந்து சென்றவரின் தனிமையில் குற்றவுணர்வும் கலந்திருக்கிறது. அவர் தாயை விட்டு வந்தார். மனைவியையும் மகளையும் இழந்திருந்த முதியவரான ராபர்ட் வில்சன், அவரைத் தம் இல்லத்தில் மகளாகவே ஏற்றிருந்தார். அவரையும் விட்டு வந்தார். 1905இல் வில்சன் இறந்தபோது கார்மைக்கேல் இந்தியாவில் இருந்தார். இவ்வாறு பிரிந்து வந்தவருக்கு ‘நீ கைவிடப்படமாட்டாய்’ என்பதும் ‘உன்மேல் குற்றம் சுமத்தப்படாது’ என்பதும் அயலான வாக்குகள் அல்ல. முன்னது அவர் பெறப்போகும் தனிமைக்கு மறுமொழி. பின்னது அவர் பிறருக்குத் தந்துவிட்டு வந்த தனிமைக்கு மறுமொழி. ஆங்கில வசனத்தையும் தமிழ் வசனத்தையும் சேர்த்து வாசிக்கும்போதே அருட்பணியாளரின் தனிமை முழுமையாகப் புலப்படுகிறது. கார்மைக்கேல் எழுத்தில் முன்னது வெளிப்படையாகவும் பின்னது அரிதாகவும் பேசப்படுகிறது.

ஆறுதலும் தேறுதலும்

தமிழில் ‘ஆறு’ என்னும் வினை தணிதலைக் குறிக்கும். சூடு ஆறும், புண் ஆறும், சினம் ஆறும். ஆறுதல் என்பது முன்பிருந்த வேதனை குறைந்துபோதல். ‘தேறு’ என்னும் வினை தெளிதல், வலுப்பெறுதல், நம்புதல் ஆகிய பொருள்களை உடையது. கலங்கிய நீர் தேறுகிறது, நோயாளி தேறுகிறார். திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் இவ்வினை ஒருவரை ஆராய்ந்து நம்புதலைக் குறிக்கிறது. தமிழ் விவிலியம் இரு சொற்களையும் கண்டிப்பாக வேறுபடுத்தவில்லை. யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் தூய ஆவியைத் ‘தேற்றரவாளன்’ என்று அழைக்கும் மொழிபெயர்ப்பு, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் தொடக்கத்தில் அதே கிரேக்க வேரிலிருந்து வரும் சொல்லுக்கு ‘ஆறுதல்’ என்பதை ஆள்கிறது. ஆயினும் தமிழ் வழக்கிலுள்ள இவ்வேறுபாடு கார்மைக்கேலைப் பயில்வதற்கு ஏற்ற திறவுகோலாகிறது. அவருடைய பிற்கால எழுத்தில் துயரம் ஆறுவதில்லை, எழுதுபவர் தேறுகிறார்.

நோயுற்றவர் நோயுற்றோர்க்கு எழுதிய மடல்

‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ நோயுற்ற நண்பர்களுக்கு எழுதப்பட்ட மடல்களின் தொகுப்பு. நலமாக இருப்போர் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் தமக்குத் துணைசெய்யவில்லை என்று அதில் அவர் குறிப்பிடுகிறார். இக்குறிப்பை ஓர் இலக்கியக் கொள்கையாகவே கொள்ளலாம். ஆறுதல் கூறும் எழுத்தின் வலிமை கருத்தில் மட்டும் இல்லை; எழுதுபவர் நிற்கும் இடத்திலும் உள்ளது. ‘துன்பத்தைப் பொறுத்துக்கொள்’ என்னும் ஒரே அறிவுரை, நலமுற்றவர் வாயிலிருந்து வரும்போது கட்டளையாகிறது. வேதனையில் இருப்பவர் வாயிலிருந்து வரும்போது சாட்சியாகிறது.

சங்க அகப்பாடல்களோடு ஒப்பிட இது இன்னும் தெளிவுறும். பிரிவில் வாடும் தலைவியை ஆற்றுவிப்பவள் தோழி. அவள் தலைவியின் துயரை அறிந்தவள். ஆயினும் அத்துயரை உற்றவள் அல்லள். பிரிவுக்கு வெளியே நிற்பதாலேயே, ‘அவர் வருவார்’ என்று அவளால் வற்புறுத்திக் கூற முடிகிறது. கார்மைக்கேலின் மடல்களில் ஆற்றுவிப்பவரும் துயருற்றவரும் ஒருவரே. ஆகவே ‘நோய் நீங்கும்’ என்னும் உறுதியை அவர் வழங்குவதில்லை. உறக்கமின்மை, வலி, பிறருக்குச் சுமையானோம் என்னும் எண்ணம், தொடங்கிய பணியைப் பிறர் செய்யக் கேட்டிருத்தல் ஆகிய சிறு துன்பங்களையே அம்மடல்கள் பேசுகின்றன. பெரிய துறவு ஒன்றை ஒருமுறை செய்துவிடலாம். சிறு இழப்புகளை நாள்தோறும் ஏற்பதே கடினம் என்பதை அறிந்த எழுத்து இது.

மடல் என்னும் வடிவமும் பொருளோடு இயைந்தது. அறிக்கை நிறுவனத்தை நோக்கியது. நாட்குறிப்பு தன்னை நோக்கியது. மடலுக்கு எதிரே ஒரு முகம் உண்டு. அறையைவிட்டு நீங்க இயலாதவர், தம்மைப் போலவே அறைக்குள் இருக்கும் மற்றொருவரை நோக்கிப் பேசும்போது தனிமை மறையவில்லை; ஆயினும் இருவர் தனிமைக்கும் இடையே ஒரு வழி பிறக்கிறது.

தலைப்புப் பாடலில் கிறிஸ்துவின் குரல்

தொகுப்புக்குப் பெயர் தந்த பாடலின் அமைப்பு கருதத்தக்கது. பாடல் முழுவதும் கிறிஸ்துவே பேசுகிறார். விரும்பிய ஒன்று உனக்குத் தரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டே பாடல் தொடங்குகிறது. இழந்ததை இழப்பன்று என்று மறுக்கவில்லை; உயர்ந்த நன்மைக்காக நிகழ்ந்தது என்று விளக்கவும் இல்லை. அன்புக்குரிய பழகிய வழிகளில் எவர் கண்ணிலும் படாமல் உலவும் மனத்தின் ஏக்கத்தை ‘நான் அறிவேன்’ என்கிறார் கிறிஸ்து. படுக்கையில் இருப்பவர் மனத்தால் தம் இல்லத்தின் பாதைகளில் நடப்பதையும், அங்குள்ளோர் அதனை உணராதிருப்பதையும் இப்பகுதி நினைவூட்டுகிறது. அறையில் இருப்பவரின் தனிமையை இதைவிட நுட்பமாகச் சொல்லுதல் அரிது.

பிற்பகுதியில், முட்செடியிலிருந்து பிறருக்காக ஒரு ரோஜா மலரும் என்னும் வாக்கு வருகிறது. அவ்வாக்கை உறுதிப்படுத்த, யோவான் 14ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இயேசு சீடரிடம் கூறும் ஒரு தொடரைக் கவிஞர் எடுத்தாள்கிறார். அது இயேசு தம் பிரிவை அறிவிக்கும் அதிகாரம். பிரிந்து செல்பவரே பிரிவுத்துயரைத் தேற்றும் பகுதி அது. அதே அதிகாரத்தின் 18ஆம் வசனத்தில் மூலமொழி ‘பெற்றோரை இழந்தோர்’ என்னும் பொருளுடைய சொல்லை ஆள்கிறது. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பு அதனை ஆறுதலற்றோர் என்னும் பொருளில் தருகிறது. தமிழ் விவிலியத்தின் ‘திக்கற்றவர்’ மூலத்திற்கு இன்னும் நெருக்கமானது. முன்பு கண்ட திருப்பாடலில் தனிமையின் சொல் ஆங்கிலத்தில் இருந்தது; இங்கு அது தமிழில் இருக்கிறது. திக்கற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தவர் தாமே திக்கற்ற நிலையை எண்ணும்போது இவ்வதிகாரத்திடம் சென்றது இயல்பே.

பாடலின் முடிவு சிந்தனைக்குரியது. நம்பும் ஆன்மா நிறைவைத் தானாகச் சொல்வதில்லை; ‘இவ்வாறு என்னிடம் சொல்’ என்று கிறிஸ்துவே அச்சொற்களைக் கற்பிக்கிறார். அதனை அந்த ஆன்மா சொல்லிற்றா என்பது பாடலில் இல்லை. தேறுதல் நிகழ்ந்துவிட்டதாக அறிவிக்காமல், அதற்கான அழைப்போடு பாடல் நிற்கிறது. இந்த இடைவெளியே பாடலைப் போலி அமைதியிலிருந்து காக்கிறது.

உறவுப்பெயர்களும் எழுத்தின் எல்லையும்

எழுத்துக்கு வெளியிலும் டோனாவூர் தனிமைக்கு ஒரு மறுமொழியை அமைத்திருந்தது. கார்மைக்கேல் அங்கு ‘அம்மை’, பிற மேலைநாட்டுப் பெண்கள் ‘சித்தி’, ஆண்கள் ‘அண்ணாச்சி’, தமிழ்ப் பெண் பணியாளர்கள் ‘அக்காள்’. பதவிப்பெயர்களுக்கு மாறாகத் திருநெல்வேலி வழக்கின் உறவுப்பெயர்கள் ஆளப்பட்டன. தனித்தவர்களைக் கடவுள் குடும்பத்தில் அமர்த்துகிறார் என்னும் கருத்துடைய 68ஆம் திருப்பாடலை, ‘வீடுவாசல்’ என்னும் தமிழ் விவிலியச் சொல்லோடு இவ்வழக்கை இணைத்துக் காணலாம். கிறிஸ்துவின் ஆறுதல் அங்கு மனத்தளவில் நின்றுவிடவில்லை; விளிச்சொல்லாகவும் நாளாந்த வாழ்வாகவும் ஆயிற்று. 1916இல் அவர் அமைத்த பெண்கள் குழுவும், மணமின்றிப் பணிக்கு வாழ்வை அளித்த தமிழ்ப் பெண்களுக்கு இத்தகைய துணையாக நின்றது.

இங்குத்தான் அவ்வெழுத்தின் எல்லையும் தெரிகிறது. அந்த அறை ஆளில்லா அறையன்று. கார்மைக்கேலைத் தூக்கியும் துடைத்தும் இரவில் விழித்திருந்தும் பேணியவர்கள் அவர் வளர்த்த பெண்கள். அவர்களுக்கும் பிரிவுகள் இருந்தன. பிறந்த குடும்பத்தை இழந்தவர்களே அவர்களுள் பலர். ஆனால் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ பேசும் தனிமை ஆங்கிலம் வாசிக்கும் நோயாளிகளோடு உறவாடுகிறது. கட்டிலருகே நின்றவரின் தனிமை அங்கு ஒரு குரலாக எழவில்லை. கைம்பெண்ணாகி, பின் டோனாவூரின் குழந்தைகளைப் பேணி, புற்றுநோயால் 1915இல் இறந்த பொன்னம்மாளைப் பற்றிக் கார்மைக்கேல் 1918இல் தனிநூல் எழுதினார். மதிப்பும் அன்பும் மிக்க நூல் அது. ஆயினும் பொன்னம்மாளின் வேதனையும் தேறுதலும் கார்மைக்கேலின் ஆங்கிலத்தில்தான் நம்மை வந்தடைகின்றன.

கிறிஸ்தவத் தமிழிலக்கியத்தில் இதற்கு மாற்றான ஒரு குரல் உண்டு. கிறிஸ்தவரான பின்பு தம் சமூகத்தை விட்டு விலக நேர்ந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900), அருட்பணியாளரைப் போல் அயல்நாட்டில் தனித்தவர் அல்லர்; பிறந்த மண்ணிலேயே தனித்தவர். அவருடைய ‘இரட்சணிய மனோகரம்’ தமிழ்ப் பக்தி மரபின் மொழியிலேயே கிறிஸ்துவைத் துணையாக அழைக்கிறது. அருட்பணியாளரின் தனிமையையும் மனம் மாறியவரின் தனிமையையும் ஒருங்கே வைத்துப் பயிலும்போதே இப்பொருள் முழுமை பெறும். ஒருவர் புறப்பட்டு வந்ததால் தனித்தார். மற்றவர் புறப்படாமலே தனித்தார். முன்னவருக்குத் தாயகத்தில் கடிதங்களை எதிர்பார்க்கும் வாசகர் இருந்தனர். பின்னவர் தம் வாசகரைத் தாமே உருவாக்க வேண்டியிருந்தது.

முடிவுரை

ஏமி கார்மைக்கேலின் பிற்கால எழுத்து, தனிமையைக் கிறிஸ்து நீக்கினார் என்று சாட்சி கூறவில்லை. இருபது ஆண்டுகளில் நோய் நீங்கவில்லை. தமக்குப் பின் பொறுப்பேற்பார் என்று அவர் எதிர்பார்த்த அருளாய் 1939இல் முன்னரே இறந்தார். இவற்றுக்கு நடுவிலும் அவர் எழுதியது, துயரம் ஆறாவிடினும் மனம் தேறக்கூடும் என்பதையும், அவ்வாறு தேறியவரின் சொல் பிறருக்கு உதவும் என்பதையுமே. ஆகவே அவ்வெழுத்தை வெறும் பக்தி நூலாக ஒதுக்குவதும், பணிவரலாற்றின் பின்னிணைப்பாகக் கருதுவதும் பொருந்தா. நோயுற்றவர் நோயுற்றோரை நோக்கிப் பேசும் மடல் இலக்கியமாக அது தனித்துப் பயிலத்தக்கது.

அதே வேளையில், அவ்வறையில் உடனிருந்தோரின் தேறுதல் எழுதப்படாமல் போனது ஆய்வாளர் முன்னுள்ள கடமையாகிறது. திருச்சபைப் பதிவேடுகள், தமிழ்க் கடிதங்கள், வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றில் அக்குரல்களைத் தேடுதல் வேண்டும். தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார் கார்மைக்கேல். அவ்விடத்தில் பறவைகள் நீரருந்தும் கல்தொட்டி ஒன்றே வைக்கப்பட்டது. அதில் ‘அம்மை’ என்னும் சொல் பொறிக்கப்பட்டது. அச்சொல் அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அவரை அழைத்தவர்களின் சொல். அவர்கள் தம்மைப் பற்றியும் என்ன சொன்னார்கள் என்று கேட்பதே இனி எஞ்சியுள்ள ஆய்வு.